முழங்கால் செய்த வேலை

மலைச்சிறை
14 ஜனவரி 2018, ஞாயிறு

அன்புள்ள இண்டாய்,

உன் முகவரியை, அம்மாவை அடக்கம் செய்த பாதிரியாரிடம் கெஞ்சி வாங்கினேன். அவரைத் திட்டாதே. உன் கல்யாணத்துக்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பரோல் வாரியம் இந்த வருடம் என் கோப்பை எடுக்கிறது. வெளியே வந்தால் வேலை தருகிறோம் என்று யாராவது எழுத்தில் கொடுத்தால்தான் கோப்பு நகரும். இந்தச் செபு தீவு முழுக்கத் தேடினாலும், ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிற ஆள் எனக்கு நீ ஒருத்திதான்.

டிசம்பரில் இங்கே நடந்த கலவரத்தை வானொலியில் கேட்டிருப்பாய். அதில் சொன்னது தப்பு. கைதிகள் கதவை உடைக்கவில்லை. சாப்பாட்டு வண்டி உள்ளே வரும்போது கதவு முழுதாகத் திறக்கும். வண்டியைக் குறுக்கே கவிழ்த்தால் கதவை மூட முடியாது. முதலில் வண்டி கவிழ்ந்தது. கொதிக்கிற கஞ்சி காவலரின் தொடையில் கொட்டியது. அவர் குனிந்தார். குனிந்தவரின் முதுகில் ஏறித்தான் மூன்றாம் கூடத்துக்காரர்கள் வெளியே வந்தார்கள். முதலில் வந்தவன் பல்துலக்கியை உருக்கி அதில் பிளேடை ஒட்டி வைத்திருந்தான். என் பக்கத்தில் நின்ற டனிலோவின் கன்னம் காதிலிருந்து வாய்வரை திறந்துகொண்டது. உள்ளே பல் தெரிந்தது. நான் ரொட்டித் தட்டை முகத்துக்கு முன்னால் பிடித்தேன். தட்டில் கீறல் விழுந்தது, முகத்தில் விழவில்லை.

ரொட்டிக்கூடத்தில் வேலை செய்கிறேன். குடிப்பதில்லை. எங்கள் கூடத்துக் கைதிகளின் தலைவரை இங்கே மேயர் என்போம். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை வருவார், கடிதம் அவர் கையில் வரும்.

உன் அண்ணன்,
குயிரினோ


மன்டாவே
3 பிப்ரவரி 2018

குயிரினோ,

ஊர் வழக்கப்படி நீ தங்கையை 'இண்டாய்' என்கிறாய், அண்ணனை 'மனோய்' என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. எனக்கு அண்ணன் இருக்கிறான் என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

கல்யாண உடை இன்னும் என்னிடம் இருக்கிறது. துவைத்தும் கறை போகவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. நானும் ரமிலும் ஆடிக்கொண்டிருந்தோம். விருந்தாளிகள் வழக்கப்படி என் உடையில் பண நோட்டுகளை ஊசியால் குத்தினார்கள். ரமிலின் சித்தப்பா மகன் அர்சென்யோ குடித்துவிட்டு, குத்திய நோட்டில் ஒன்றை உருவி, "பொண்ணுக்கு விலை கூடிப்போச்சுடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது அங்கேயே முடிந்திருக்கும். சுட்ட பன்றியை வெட்டுகிற கத்தியை நீ அவன் வயிற்றில் இறக்கினாய். அவன் என்மேல் சாய்ந்துதான் செத்தான். பிணத்தோடு போன ரமில் திரும்பி வரவில்லை.

நீதிமன்றத்தில் "கை தானா போயிடுச்சு ஐயா" என்றாய். அப்படி ஒரு வரியை என்னிடம் யாராவது எழுதிக் கொண்டுவந்தால் கிழித்துப் போடுவேன். கத்தி பன்றிக்குப் பக்கத்தில் இருந்தது. பன்றிக்கும் அர்சென்யோவுக்கும் நடுவில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தது யாருடைய கால்?

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியாது. இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். எதை முதலில் தொடுவது, எதைத் தொடக்கூடாது, அதைத்தான். கப்பல் கட்டும் தளத்தில் விபத்து அறிக்கைகளைத் தட்டச்சு செய்யப் போனேன். முதல் மாதமே ஒரு இரும்புக் கயிறு அறுந்து ஒருவரை இடுப்பில் வெட்டியது. அவர் படித்துவிட்டு வேலை செய்த பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'கயிற்றை இறுக்கவும்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'எச்சரிக்கை: இறுக்கும்போது கயிற்றின் நேரே நிற்காதீர்கள்.' மேல் வரியைச் செய்து முடித்தவர் கீழ் வரியைப் படிக்க உயிரோடு இல்லை. அந்தப் பக்கத்தை நானே திருத்தி மேலாளரிடம் கொடுத்தேன். "உனக்கு எதுக்கும்மா இது" என்றார். அடுத்த மாதம் இன்னொரு பக்கத்தை அவரே கொண்டுவந்தார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இப்போது எனக்குக் கீழே இரண்டு பேர் எழுதுகிறார்கள்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. ஆனால் நீ கலவரத்தைப் பற்றி எழுதியதை ஆபீஸில் மறுபடி படித்தேன். எது முதலில், எது அடுத்து என்று ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. இங்கே ஒரு பட்டறைக்காரருக்கு ரொட்டி மாவு உருட்டும் இயந்திரத்துக்குக் கையேடு வேண்டும். அந்த இயந்திரம் தீவுக்குத் தீவு விரல்களைத் தின்கிறது. உங்கள் ரொட்டிக்கூடத்திலும் அவர் தானமாகக் கொடுத்த ஒன்று இருக்கிறதாம். அதில் மாவு உருட்டுவது எப்படி என்று எழுதி அனுப்பு. வேலைக் கடிதம் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

ஜொவெலின்


மலைச்சிறை
25 பிப்ரவரி 2018

இண்டாய்,

எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதுவதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது.

அர்சென்யோவின் அண்ணன் ஃபெலிமோன் இங்கே வந்துவிட்டான். சேவல் சண்டையில் பந்தயத் தகராறு, ஒருவன் தோளை அரிவாளால் பிளந்திருக்கிறான். வேறு சிறையில் இருந்தவனை இங்கே மாற்றினார்கள். நான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை குளிக்கிற இடத்தில் பின்னாலிருந்து என் முடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதினான். இரண்டு முறை. முன்பல் ஒன்று போனது. மூன்றாவது முறைக்கு இழுத்தபோது சோப்புத் தண்ணீரில் அவன் கால் வழுக்கியது. நான் அவன் மேல் உட்கார்ந்து தொண்டையை முழங்கையால் அழுத்தினேன். அவன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. மேயர் என்னைத் தூக்கி எறிந்தார். "ரெண்டு பேரும் சாகறதுன்னா வெளிய போய் சாவுங்கடா. இங்க செத்தா எனக்கு ஒரு மாசம் டிவி கிடையாது" என்றார்.

ஃபெலிமோன் இருமிக்கொண்டே, "நீ ரொட்டி சுடு. நான் அவசரப்படல" என்றான்.

எழுதியது எப்படி இருக்கிறது என்று சொல். பல் போனதால் என் பேச்சு இப்போது விசில் அடிக்கிறது. எழுத்தில் அது தெரியாது.

குயிரினோ


மன்டாவே
18 மார்ச் 2018

குயிரினோ,

பாதியை அடித்துவிட்டேன். மனம் உடையாதே, முதல் வருடம் என் பக்கங்களை மேலாளர் முழுதாகவே அடித்தார்.

'மாவைத் தேவையான அளவு உருட்டவும்' என்று எழுதியிருக்கிறாய். தேவையான அளவு யாருக்குத் தெரியும்? உனக்கு. உனக்குத் தெரிந்தால் கையேடு எதற்கு? மாவு எப்படி ஆனால் போதும் என்று எழுது. பளபளப்பா, இழுத்தால் கிழியாததா, அதைச் சொல். ஒரு வரியில் ஒரு செயல். ஆபத்து எதுவானாலும் செயலுக்கு முந்தின வரியில்.

உருளைகளின் இடைவெளியைக் குறைப்பது பற்றி நீ எழுதியதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். அதில் திருத்த ஒன்றுமில்லை.

அடுத்தது, சுத்தம் செய்யும் பகுதி. விரல்கள் போவது பெரும்பாலும் அங்கேதான் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். இதை எழுதி எனக்கு அனுப்பாதே. நான் திருத்தினால் அது என் எழுத்தா, உன் எழுத்தா என்று எனக்குத் தெரியாமல் போகும். எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. அந்த இயந்திரத்தைத் தொட்டே இராத ஒரு ஆளிடம் காகிதத்தைக் கொடுத்து, காகிதம் சொல்வதை மட்டும் செய்யச் சொல்ல வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. வாங்கினவன் வீட்டுக்கு நீ கையேட்டோடு கூடவே போய் நிற்க மாட்டாய் அல்லவா? வாயைத் திறந்தால் சோதனை செத்தது.

சோதனையில் தேறினால் வேலைக் கடிதம் தருகிறேன். ஆபீஸ் முத்திரையோடு.

ஃபெலிமோனிடமிருந்து தள்ளி இரு.

ஜொவெலின்


மலைச்சிறை
22 ஏப்ரல் 2018

இண்டாய்,

தள்ளி இருக்க முடியாது. சோதனைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று சிறை அதிகாரியிடம் கேட்டேன். உன் கடிதத்தில் சோதனை பற்றிய பக்கத்தை மட்டும் காட்டினேன். அவருக்கு மகிழ்ச்சி, பத்திரிகையில் வரும் என்று நினைக்கிறார். "புதுசா ரொட்டிக்கூடத்துக்குப் போட்ட ஆள் ஒருத்தன் இருக்கான், மெஷினைத் தொட்டதே இல்ல" என்றார். யார் என்று நீயே சொல்லிக்கொள்.

வேறு ஆள் கேட்டேன். அவர் முகம் மாறியது. "ஏன், அவனுக்கும் உனக்கும் என்ன?" என்றார். குளிக்கிற இடத்தில் நடந்தது அவர் காதுக்குப் போகவில்லை. போனால் இரண்டு பேருக்கும் தனிச்சிறை, என் கோப்பு மூடப்படும். ஒன்றுமில்லை சார் என்றேன்.

மாவு பிசைகிற மேசையில் ஃபெலிமோனும் நானும் எதிரெதிரே நிற்கிறோம். நேற்று உருட்டுக்கட்டையை எடுத்து எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் தட்டினான். "உன் தலை இதவிட கெட்டியா?" என்றான். தட்டிப் பார் என்றேன். சிரித்தான். அவன் தம்பிக்கும் அதே சிரிப்பு.

இவனை வைத்துச் செய்யட்டுமா, வேண்டாமா?

குயிரினோ


மன்டாவே
2 மே 2018

குயிரினோ,

செய். உன்மேல் நம்பிக்கை இல்லாதவன்தான் நல்ல ஆள். உன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டான், காகிதத்தைத்தான் பார்ப்பான். அவனிடம் தெளிவாகச் சொல்: நீ என்ன சொன்னாலும் காதில் வாங்கக்கூடாது, காகிதத்தில் இருப்பதுதான் வேதம்.

கையேட்டின் முதல் பகுதி அச்சுக்குத் தயார். ஓரமாக உன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருக்கிறேன். எங்கள் ஆபீஸ் வழக்கம் அது.

ஜொவெலின்


மலைச்சிறை
20 மே 2018

இண்டாய்,

இடது கையால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

சோதனையில் நானும் அவனும் மட்டும்தான். காவலர் வாசலில் நின்றார். இயந்திரம் ஓடினால் அங்கே ஒன்றும் கேட்காது. காகிதத்தைக் கொடுத்து, "இதுல இருக்கறத மட்டும் செய். நான் என்ன சொன்னாலும் கேக்காத" என்றேன்.

"நீ சொல்லி நான் எப்படா கேட்டிருக்கேன்" என்றான்.

நன்றாகச் செய்தான். ஒவ்வொரு வரியையும் உதடு அசையப் படித்தான். கடைசி மாவை வெளியே எடுத்தான். அடுத்த வரி, 'உருளைகளில் ஒட்டிய மாவைத் தகட்டால் சுரண்டவும்.' தகட்டை எடுத்தான். உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பார்த்தேன். நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. நிறுத்துகிற லீவர் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. கடைசி மாவை எடுக்கும்போதே என் முழங்கால் அதை இடித்துவிடும். இத்தனை வருடமாக இடிக்கிறது. நான் இயந்திரத்தை நிறுத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

கத்தினேன். "எடு, கைய எடு" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான். "பேப்பர்ல இல்ல" என்றான். தகட்டை வைத்தான்.

தகடு முதலில் போனது, பிறகு விரல்கள். நான் இயந்திரத்தின் மறுபக்கம் நின்றிருந்தேன். சுற்றி ஓடி லீவரைத் தள்ளுவதற்குள் வலது கையில் மூன்று விரல் நசுங்கிவிட்டது. அவன் கத்தவில்லை. தம்பியின் பெயரைச் சொன்னான். மாவு சிவப்பாக வெளியே வந்தது.

அன்று சாயங்காலம் அவன் ஆட்கள் வந்தார்கள். என் வலது கையை மாவு மேசையில் வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவன் உருட்டுக்கட்டையால் அடித்தான். மணிக்கட்டிலிருந்து நகம்வரை வரிசையாக வந்தான், ஒரு இடம் விடவில்லை. மேயர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வேண்டுமென்றே விட்ட வரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். விசாரணை வைக்கிறார்கள். கொலை முயற்சி என்று எழுதினால் நான் இங்கேயே கிழவனாவேன்.

குயிரினோ


மன்டாவே
3 ஜூன் 2018

குயிரினோ,

சிறை அதிகாரி எனக்கு எழுதியிருக்கிறார். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் கேட்கிறாராம்: இப்படி ஒரு வரி தவறுதலாக விடுபடுமா?

விடுபடும் என்று பதில் அனுப்பிவிட்டேன். இயந்திரத்தோடு அதிகம் பழகியவர்கள் இதே தப்பைத்தான் செய்வார்கள், உடம்பு பழகிய வேலை எழுத்தில் வராது, அதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனையே என்று எழுதினேன். அது உண்மை. அனுப்பிவிட்டு நகலை எடுத்து மறுபடி மறுபடி படித்தேன்.

ஏனென்றால் அன்று கை தானாகப் போனது, இன்று முழங்கால் தானாகப் போகிறது. நீ சொல்வது பொய் என்றால் உன் சட்டையிலிருந்த ரத்தத்தை நானே துவைத்துக் கொடுத்த மாதிரி. நீ கத்தினாயா என்று உன்னையும் ஃபெலிமோனையும் தவிர யாருக்கும் தெரியாது. உன் வார்த்தை எனக்குப் போதாது. அவன் வார்த்தைதான் வேண்டும், அவன் உனக்காக எதற்கு வாயைத் திறப்பான்?

வாயைத் திறக்காதே, காகிதம்தான் வேதம் என்று இரண்டையும் சொல்லிக்கொடுத்தது நான். ஓடுகிற இயந்திரத்தில் ஆளை விடும்போது நிறுத்துகிற லீவருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்ற விதியும் எங்களுக்கு உண்டு. உனக்கு அதை எழுதவில்லை. எங்கள் ஆபீஸில் அது சொல்லாமலே நடக்கும்.

பட்டறைக்காரர் கையேட்டை நிறுத்தி வைத்துவிட்டார். ஓரத்தில் உன் எழுத்தை நான் எடுக்கவில்லை. எடுப்பதா வேண்டாமா என்பதை நீ எனக்குச் சொல்லப்போகும் பதில்தான் சொல்லும்.

ஜொவெலின்


மலைச்சிறை
24 ஜூன் 2018, ஞாயிறு

இண்டாய்,

வியாழக்கிழமை விசாரணை. முதலில் என்னைக் கேட்டார்கள். என் முழங்காலால் நிறுத்துகிறேன், அதை எழுதாமல் விட்டது நான், வேறு யாரும் இல்லை என்றேன். தானாக என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

பிறகு ஃபெலிமோன். கையில் கட்டு, இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், ஒன்று மடங்காது. சிறை அதிகாரி, "அவன் கத்தினேன்னு சொல்றான். கத்தினானா?" என்று கேட்டார். ஃபெலிமோன் என்னைப் பார்த்தான். என் வலது கையையும் பார்த்தான்.

"கத்தினான்" என்றான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் தம்பியைக் கொன்னவன் இவன்."

"அது எனக்குத் தெரியாதா சார்? அது வேற. அன்னிக்கு இவன் கத்தினான். நான்தான் பேப்பர நம்பினேன். இவன நம்பறதுக்கு எனக்கு என்ன கிறுக்கா?"

அதிகாரியே சிரித்துவிட்டார். ஃபெலிமோன் சிரிக்கவில்லை.

மறுநாள் என் படுக்கைக்கு வந்தான். இன்று கழுத்து போகும் என்று எழுந்து நின்றேன். "எழுது" என்றான். "எதை?" என்றேன். "முன்னாடி விட்டத. நான் சொல்றேன், எழுது." அவன் சொல்ல, நான் இடது கையால் எழுதினேன். லீவரை இடித்து நிறுத்தவும் என்பது முதல் வரி. அடுத்தது அவனுடையது. 'நிறுத்திய பிறகும் உருளைகள் சிறிது நேரம் சுற்றும். சத்தம் நின்றதை நம்பாதே. நின்றதைக் கண்ணால் பார்.' எனக்கு அது தோன்றியிருக்காது. விரல் போனவனுக்குத்தான் தோன்றும்.

எதற்கு இதெல்லாம் செய்கிறாய் என்று கேட்டேன். "நீ இங்க இருந்தா மேயர் இருப்பான், காவல் இருக்கும், உன்ன முடிக்க முடியாது. நீ வெளிய போ. நான் வர்ற வரைக்கும் உக்காந்து எழுதிட்டிரு" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. இதை உனக்கு மறைக்க விரும்பவில்லை.

நேற்று அதிகாரி முன்னால் மறுபடி சோதனை வைத்தோம். கேட்டது ஃபெலிமோன்தான். வேறு ஆளை வைக்கலாம் என்று அதிகாரி சொன்னார், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இடது கையால் செய்கிறேன் என்றான். உன் விதிப்படி காவலர் ஒருவரை லீவருக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். நான் சுவரோரமாக நின்றேன். ஃபெலிமோன் என்னிடம் வந்து, "இந்தத் தடவ வாயத் தொறந்தே, மிச்சப் பல்லும் இருக்காது" என்றான்.

மாவை உருட்டினான். கடைசி மாவை எடுத்தான். காகிதத்தைப் படித்தான். குனிந்து, கால் பழகாததால் கையாலேயே லீவரைத் தள்ளினான். சத்தம் நின்றது. தகட்டை எடுத்தான். அவனுக்கு மிச்சமிருக்கிற நல்ல கை உருளைக்கு மேலே வந்து நின்றது. உருளைகள் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் என்னைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

உருளைகள் நின்றன. அவன் கையை வைத்துச் சுரண்டினான்.

நான் வாயைத் திறக்கவில்லை. சுவரோரமாக நின்ற என் முழங்கால் மட்டும் ஒருமுறை காற்றை இடித்தது.

குயிரினோ